கல்லுக்குள் எவ்வளவு காலி?

சுத்தம் செய்து உலர்த்தி வைத்த மணற்கல் துண்டின் மேல் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால், அது உருண்டு ஓடாது. ஒரு நொடி பளபளவென்று நிற்கும். அப்புறம் காணாமல் போய்விடும். கல்லின் மேல் கொஞ்சம் கருத்த வட்டம் ஒன்று மிஞ்சும், அவ்வளவுதான். அதே துண்டைத் தண்ணீருக்குள் முக்கினால் உடம்பெல்லாம் பொடிப்பொடியாகக் குமிழி விடும். ஆய்வகத்துக்குப் புதிதாக யார் வந்தாலும் நான் முதலில் காட்டுவது இந்த வித்தையைத்தான். "கல்லுன்னா கெட்டியா இருக்கும்னுல்ல நினைச்சேன்" என்பார்கள். கெட்டிதான், கையால் உடைக்க முடியாது. ஆனால் அதில் ஐந்தில் ஒரு பங்கு ஒன்றுமில்லை.

அந்த ஒன்றுமில்லாததை அளப்பதுதான் எனக்குச் சோறு போடும் வேலை.

எண்ணெய்க் கிணறு என்றதும் பலர் மனதில் வருவது பூமிக்கடியில் ஒரு கருப்பு ஏரி. மேலே இருந்து குழாயை விட்டு உறிஞ்சுகிறார்கள் என்று நினைப்பு. அப்படி ஏரி எதுவும் கிடையாது. எண்ணெய் இருப்பது மணல்மணிக்கும் மணல்மணிக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத சந்துகளில். பெட்ரோலியம் என்ற பெயரே கல், எண்ணெய் என்ற இரண்டு சொற்கள் சேர்ந்து வந்ததுதான். அதைத் தமிழில் 'கல்நெய்' என்று ஆக்கியவர் சரியாகத்தான் ஆக்கியிருக்கிறார்.

ஒரு கல்லின் மொத்தக் கன அளவில் இந்தச் சந்துகள் நூற்றுக்கு எத்தனை பங்கு என்பதற்குப் பாடநூலில் நுண்துளைமை என்று பெயர். எங்கள் மேஜையில் அது போராசிட்டி. நல்ல மணற்கல்லில் 20 சதவீதம், சில நேரம் 30 வரை போகும். இறுகிப்போன கல்லில் ஐந்துக்கும் கீழே.

இதில் எனக்கு இன்றைக்கும் ஆச்சரியம் தருவது ஒரு பழைய கணக்கு. சார்லஸ் ஸ்லிக்டர் என்ற அமெரிக்கக் கணித அறிஞர் 1899-இல் வெளியான ஆய்வில், ஒரே அளவுள்ள உருண்டைகளை அடுக்கினால் நடுவே எவ்வளவு காலியிடம் இருக்கும் என்று பார்த்தார். ஒன்றின் நேர் மேலே ஒன்றாக, மிகத் தளர்வாக அடுக்கினால் 47.64 சதவீதம். கீழ்வரிசையின் பள்ளங்களில் உட்காரும்படி இறுக்கி அடுக்கினால் 25.95. உருண்டை எவ்வளவு பெரியது என்ற கேள்வியே இந்தக் கணக்கில் கிடையாது. பீரங்கிக் குண்டானாலும் கடுகானாலும் அதே 25.95தான். நேர்முகத் தேர்வில் இதைக் கேட்டால் பாதிப் பேர் தடுமாறுவார்கள். பெரிய உருண்டைக்கு நடுவே பெரிய சந்து என்பதோடு மனசு நின்றுவிடும், சந்துகளின் எண்ணிக்கை குறைவதை மறந்துவிடும். நிஜக் கல்லில் இந்தக் கணக்கு அப்படியே வராது. பெருமணலின் நடுவே பொடிமணல் புகுந்துகொள்ளும், சுண்ணாம்பும் சிலிக்காவும் சிமென்ட் மாதிரி சந்தை அடைக்கும், மேலே கிடக்கும் பாறையின் பாரம் நசுக்கும். அதனால்தான் ஒவ்வொரு கல்லையும் தனித்தனியாக அளக்க வேண்டியிருக்கிறது.

சரி, எப்படி அளப்பது? காலியிடத்தை நேராகத் தொட்டு அளக்கும் வழிகள் சில உண்டு. ஆனால் தினசரி வேலையில் கழித்தல்தான். அடம்பிடிக்கும் குழந்தையின் எடை தெரிய வேண்டுமென்றால், தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறி, இறக்கிவிட்டு மறுபடி ஏறிக் கழிப்போமே, அதே உத்தி. கல்லின் மொத்தக் கன அளவு ஒன்று, அதில் திடமாக இருக்கும் பகுதியின் கன அளவு இன்னொன்று. முதலாவதிலிருந்து இரண்டாவதைக் கழித்தால் காலியிடம். இந்த உத்தியின் சங்கடமும் எல்லோருக்கும் தெரிந்ததுதான்: பெரிய எண்களில் நடக்கும் சின்னத் தப்பு மொத்தமாக வந்து விழுவது மீதியாக நிற்கும் சின்ன எண்ணின் தலையில்.

ஓர் உதாரணம். எங்களுக்கு வரும் துண்டை 'பிளக்' என்போம். கிணற்றிலிருந்து தூண் மாதிரி எடுத்து வரும் கோரில் பக்கவாட்டில் துளைத்து எடுத்த சின்ன உருளை. ஒன்றரை அங்குல விட்டம், இரண்டு அங்குல நீளம். வெர்னியரில் விட்டம் 38.0 மில்லிமீட்டர், நீளம் 50.0 என்று வந்தால் மொத்தம் 56.7 கன சென்டிமீட்டர். விட்டத்தை 38.1 என்று படித்துவிட்டேன் என்று வையுங்கள். பத்தில் ஒரு மில்லிமீட்டர்தான் தப்பு. மொத்தம் 57.0 ஆகிவிடும். கல்லின் உண்மையான போராசிட்டி 20 என்றால் விடை 20.4 என வரும். யாரும் சண்டைக்கு வரமாட்டார்கள். அதுவே 5 சதவீதக் கல்லாக இருந்தால் 5.5 வரும். பத்தில் ஒரு பங்கு காற்றிலிருந்து முளைத்துவிட்டது. அதனால்தான் ஒரே இடத்தில் ஒரு முறை அளக்காமல், நீளவாக்கில் இடம் மாற்றி, சுழற்றி, குறைந்தது ஐந்து முறையாவது அளந்து சராசரி எடுப்பது.

விளிம்பு உடைந்த துண்டுக்கு வெர்னியர் உதவாது. அதற்குப் பழைய வழி பாதரசம். நான் சேர்ந்த காலத்தில் ஒரு மூலையில் அந்தக் கருவி இருந்தது. கல்லைப் பாதரசத்தில் போட்டால் மிதக்கும்! 120 கிராம் கல், ஒரு பொம்மைப் படகு மாதிரி. பாதரசத்தின் அடர்த்தி 13.5-க்கு மேல், 57 கன சென்டிமீட்டர் கல் முழுதாக மூழ்க 765 கிராமுக்கு மேல் பாதரசத்தை ஒதுக்க வேண்டும். ஆகவே முள்கரண்டி மாதிரி ஒன்றால் அழுத்தி முக்கிப் பிடிக்க வேண்டும். கல் கீழே போக மறுத்து எதிர்த்துத் தள்ளுவது விரலுக்குத் தெரியும். ஆர்க்கிமிடீஸ் விதியைப் பள்ளிக்கூடத்தில் படித்தேன், நம்பியது அந்த மேஜையில்தான். பாதரசம் கல்லை நனைக்காது, சந்துக்குள்ளும் அழுத்தாமல் போகாது. அதனால் மேல்தோலோடு நின்று சரியான அளவைக் கொடுக்கும். ஆனால் அதன் ஆவி நஞ்சு. இப்போது அந்த மூலையில் வேறு கருவி. வருத்தம் இல்லை.

அளப்பதற்கு முன்னால் கல்லைச் சுத்தம் செய்ய வேண்டும். வெளியே இருந்து பார்ப்பவர்கள் இதைப் பாத்திரம் கழுவுவது போல நினைக்கிறார்கள். என்னைக் கேட்டால் மொத்த வேலையில் பாதி இதுதான். சந்துக்குள் எண்ணெய், தண்ணீர், தண்ணீரில் கரைந்த உப்பு, துளையிட்டபோது புகுந்த சேறு என்று எல்லாம் இருக்கும். அவை போனால்தான் காலியிடம் காலியாகும்.

எங்கள் கண்ணாடிக் கருவியின் பெயர் சாக்ஸ்லெட். ஃப்ரான்ஸ் ஃபான் சாக்ஸ்லெட் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் 1879-இல், பாலில் கொழுப்பு எவ்வளவு என்று கண்டுபிடிக்கச் செய்த கருவி. பாலுக்குச் செய்தது பாறைக்கு வந்துவிட்டது. கீழே குடுவையில் டொலுயீன் என்ற கரைப்பான் கொதிக்கும். ஆவி மேலே போய்க் குளிர்ந்து, சொட்டுச் சொட்டாகக் கல் இருக்கும் அறைக்குள் விழும். அறை மெல்ல நிறையும். குறிப்பிட்ட மட்டத்தைத் தொட்டதும் பக்கத்தில் வளைந்த குழாய் வழியாக மொத்தமும் 'களக்' என்று கீழே வடிந்துவிடும். மறுபடி முதலிலிருந்து. முதல் நாள் வடிவது டிக்காஷன் நிறத்தில் இருக்கும், அப்புறம் தேன் நிறம், அப்புறம் லேசான மஞ்சள். சில கல்லுக்கு இரண்டு நாள் போதும். சிலது மூன்று வாரம் இழுக்கும். தெளிந்துவிட்டதாகத் தோன்றும்போது புற ஊதா விளக்கின் கீழ் வடிநீரைப் பிடித்துப் பார்ப்போம். கண்ணுக்குத் தெரியாத எண்ணெய் அங்கே ஒளிர்ந்து காட்டிக்கொடுக்கும்.

டொலுயீன் எண்ணெயைத்தான் கரைக்கும். உப்பைத் தொடாது. அதற்கு மெத்தனாலில் தனியாக இன்னொரு சுற்று. இங்கேதான் நான் ஒரு முறை வழுக்கினேன்.

அதைச் சொல்வதற்கு முன் ஹீலியத்தைச் சொல்லிவிடுகிறேன். திடப்பகுதியை அளக்கும் கருவி இரண்டு அறை, நடுவில் ஒரு வால்வு, ஓர் அழுத்தமானி, அவ்வளவுதான். ஓர் அறையில் ஹீலியத்தை 100 பிஎஸ்ஐ மாதிரி அழுத்தத்தில் நிரப்புகிறோம். மற்ற அறையில் கல். வால்வைத் திறந்தால் வாயு பாய்ந்து கல்லின் சந்துகளுக்குள் எல்லாம் புகுந்துகொள்ளும், அழுத்தம் இறங்கும். கல்லில் திடம் அதிகமென்றால் வாயுவுக்கு இடம் குறைவு, அழுத்தம் கொஞ்சமாக இறங்கும். எவ்வளவு இறங்கியது என்பதை வைத்துத் திடப்பகுதியின் கன அளவைச் சொல்லிவிடலாம். ராபர்ட் பாயில் 1662-இல் வெளியிட்ட விதிதான் இதற்கு முதுகெலும்பு. ஏன் ஹீலியம்? அணு பொடியானது, எந்தச் சந்திலும் நுழையும். எதனோடும் வினைபுரியாது, கல்லின் சுவரில் ஒட்டிக்கொள்ளவும் செய்யாது. பலூன் ஒரே இரவில் சுருங்கிப்போகிறதே, அந்தக் குணம் இங்கே நமக்குச் சாதகம்.

கருவி எளிது, ஆனால் சிணுங்கல் பேர்வழி. வெப்பம் ஒரு டிகிரி மாறினாலே அழுத்தம் ஆயிரத்தில் மூன்று பங்கு மாறிவிடும். அடுப்பிலிருந்து எடுத்த கல்லை உலர்கலனில் முழுதாக ஆறவைக்க வேண்டும். கையில் பிடித்துக்கொண்டு அரட்டை அடித்தால் போச்சு, உள்ளங்கைச் சூடு கணக்கில் ஏறும். காலையில் முதல் வேலை, கன அளவு துல்லியமாகத் தெரிந்த எஃகு வில்லைகளைப் போட்டுக் கருவியைச் சரிபார்ப்பது. எஃகில் சந்து கிடையாது. அதற்குப் போராசிட்டி காட்டினால் தப்பு கருவியில்.

கல்லுக்கும் இப்படி ஒரு சாட்சி உண்டு. திடப்பகுதியின் கன அளவும் உலர்ந்த எடையும் தெரிந்தால் மணியின் அடர்த்தி கிடைத்துவிடும். குவார்ட்ஸ் என்றால் 2.65. சுண்ணாம்புக்கல்லின் கால்சைட் 2.71. டோலமைட் 2.87. சுத்தமான குவார்ட்ஸ் மணற்கல்லுக்கு 2.61 என்று வந்தால் எங்கேயோ இடிக்கிறது என்று அர்த்தம். போராசிட்டிக்கு இதுதான் சரி என்று முன்கூட்டிச் சொல்ல யாராலும் முடியாது, அடர்த்திக்கு முடியும். அதனால் யாராவது அறிக்கை நீட்டினால் நான் முதலில் பார்ப்பது அடர்த்திப் பத்தியைத்தான்.

இனி என் கதை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாம் வருஷம். ஒரே கிணற்றிலிருந்து 24 பிளக். மெத்தனால் சுற்று நாலு நாள் ஓடியிருந்தது. முடிந்ததா என்று தெரிய, வடிந்த மெத்தனாலில் வெள்ளி நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்க்க வேண்டும். குளோரைடு இருந்தால் வெள்ளையாகக் கலங்கும். அறிக்கைக்கு நாள் நெருங்கிவிட்டது. மெத்தனால் கண்ணாடி மாதிரி இருந்தது. இதற்கு மேல் என்ன என்று விட்டுவிட்டேன். (உப்புக்கு நிறமே கிடையாது என்பது அப்போது ஞாபகம் வரவில்லை.) உலர்த்தி, ஹீலியத்தில் போட்டு, எல்லாம் எழுதியாயிற்று. பதினேழாம் துண்டுக்கு எடை 122.4 கிராம், திடம் 46.4, அடர்த்தி 2.64, போராசிட்டி 18.2. அடர்த்தி அழகாக இருந்தது. தாளை மடித்து வைத்துவிட்டேன்.

எங்கள் சீனியர் ஒரு அக்கா. தட்டில் இருந்த துண்டுகளைச் சும்மா புரட்டிக்கொண்டிருந்தவர், "தம்பி, இந்தப் பதினேழு மூஞ்சியில என்ன, பவுடர் பூசியிருக்கு?" என்றார்.

பார்த்தேன். வெட்டுமுகத்தின் ஓரத்தில் மெல்லிய வெள்ளைப் படலம். தூசி என்றேன். அவர் பதில் சொல்லவில்லை. குண்டூசியால் சுரண்டி, காய்ச்சி வடித்த தண்ணீரில் விட்டு, என் கையிலேயே வெள்ளி நைட்ரேட் புட்டியைக் கொடுத்தார். ஒரே சொட்டு. சோதனைக்குழாய்க்குள் வெள்ளையாகத் திரிந்து, துணுக்குத் துணுக்காகக் கீழே இறங்கியது. உலரும்போது உள்ளே மிச்சமிருந்த உப்பு ஈரத்தோடு வெளியே வந்து தோலில் படிந்திருக்கிறது.

24-ஐயும் மறுபடி மெத்தனாலில் போட்டேன். இந்த முறை வெள்ளி நைட்ரேட் கலங்காமல் நிற்கும்வரை, இரண்டு வாரம். பதினேழாம் துண்டின் எடை 120.2 கிராமுக்கு இறங்கியது. திடம் 45.4. போராசிட்டி 19.9. அடர்த்தி? 2.65. 0.01தான் ஏறியிருந்தது.

இதுதான் என்னை உறுத்தியது. நான் நம்பிய சாட்சி ஏன் வாயைத் திறக்கவில்லை? அக்கா ஒரு தாளில் கணக்குப் போட்டுக் காட்டினார். அதே ஒரு கன சென்டிமீட்டர் இடத்தில் உப்புக்குப் பதில் எண்ணெய் தங்கியிருந்தால் அடர்த்தி 2.61-க்கு விழுந்திருக்கும், நான் அப்போதே பிடித்திருப்பேன். ஈரம் தங்கியிருந்தாலும் அப்படியே. எண்ணெயும் தண்ணீரும் கல்லைவிட ரொம்ப லேசு, காட்டிக்கொடுத்துவிடும். உப்பின் அடர்த்தி 2.16. அது கல்லோடு கல்லாக நின்றுகொள்கிறது. அந்தப் பாறையின் நீர் கடல்நீரைப் போல் ஐந்து மடங்குக்கு மேல் உப்பு. வேறு பாறையாக இருந்தால் என் அவசரம் யாருக்கும் தெரியாமலே போயிருக்கும்.

18.2-க்கும் 19.9-க்கும் நடுவே அப்படி என்ன இருக்கிறது என்று கேட்கலாம். ஒரு சதுர கிலோமீட்டர் பரப்பு, பத்து மீட்டர் கனமுள்ள பாறையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு கோடி கன மீட்டர். அதில் 1.7 சதவீதம் என்றால் 1,70,000 கன மீட்டர், பத்து லட்சம் பீப்பாய்க்கு மேல். அவ்வளவும் எண்ணெய் இல்லை, ஒரு பகுதி தண்ணீர்தான், இருக்கும் எண்ணெயிலும் பாதிக்கு மேல் பல வயல்களில் வெளியே வராது. இருந்தாலும் ஒரு சொட்டு வெள்ளி நைட்ரேட் சோதனையைச் சோம்பேறித்தனத்தில் தவிர்த்ததற்கு இது கொஞ்சம் அதிகம்தான்.

உலர்த்துவதிலும் இதே மாதிரி ஒரு கண்ணி இருக்கிறது. நன்றாகக் காயட்டும் என்று அடுப்பைக் கூட்டி வைத்தால், களிமண் கனிமங்கள் தம்மோடு பிடித்து வைத்திருக்கும் நீரும் போய்விடும். ஜிப்சம் இருந்தால் இன்னும் மோசம். படிகத்துக்குள் இருந்த நீரே கழன்று, கல்லில் இல்லாத காலியிடம் புதிதாகப் பிறக்கும். அதனால் அப்படிப்பட்ட கற்களை 60 டிகிரியில், கொஞ்சம் ஈரப்பதம் வைத்த அடுப்பில் காயவைப்பது வழக்கம். அப்படியானால் களிமண் பிடித்து வைத்திருக்கும் நீர் இருக்கும் இடம் காலியிடமா, கல்லா? ஒரு தரப்பு அதையும் சேர்த்து மொத்தப் போராசிட்டி என்கும். இன்னொரு தரப்பு, எண்ணெய் புக முடியாத இடம் எனக்கெதற்கு என்று தள்ளிவிட்டு, பயன்படு போராசிட்டி என்கும். இரண்டு தரப்பும் தலைப்பில் வெறும் போராசிட்டி என்று போட்டு அறிக்கை அனுப்பும்போதுதான் சண்டை வருகிறது.

ஒரே துண்டை ஹீலியத்தில் அளந்துவிட்டு, வெற்றிடத்தில் காற்றை உறிஞ்சி உப்புநீரை நிரப்பி எடைபோட்டும் அளக்கலாம். பெரும்பாலும் உப்புநீர் கொஞ்சம் குறைத்தே சொல்லும், ஹீலியம் நுழைந்த கடைசிச் சந்து வரை தண்ணீர் எட்டாது. மேலே கிடந்த இரண்டு மூன்று கிலோமீட்டர் பாறையின் பாரம் நீங்கியதும் கல் சற்று விரிந்திருக்கும். ரப்பர் உறைக்குள் வைத்து மறுபடி நெருக்கி அளந்தால் எண் இன்னும் இறங்கும். தெரிந்தே செய்யும் இந்த வேறுபாடுகளை விட எனக்குக் கவலை தருவது, துண்டு எங்கே துளைக்கப்பட்டது என்பது. முப்பது சென்டிமீட்டருக்கு ஒன்று என்று கணக்கு. ஆனால் அந்தப் புள்ளியில் கல் பொலபொலவென்று உதிர்ந்தால், துளைப்பவர் கை தானாக நாலு விரல் தள்ளிக் கெட்டியான இடத்துக்குப் போகும். யாரும் ஏமாற்றவில்லை, உடையாத துண்டு வேண்டும், அவ்வளவுதான். ஆனால் உதிர்கிற இடத்தில்தான் பெரும்பாலும் காலியிடம் அதிகம். சுண்ணாம்புக்கல்லில் கட்டைவிரல் நுழையும் பொந்துகள் இருந்தால் இது இன்னும் விபரீதம். பொந்தைத் தவிர்த்து எடுத்த துண்டு கல்லைப் பற்றிப் பாதி உண்மைதான் சொல்லும். அங்கே பிளக்கை மறந்துவிட்டு முழுக் கோரையே அளப்பதுதான் நியாயம்.

இப்போது என் மேஜையில் இருப்பது களிப்பாறை. மணற்கல்லில் வால்வைத் திறந்தால் சில நொடியில் அழுத்தம் இறங்கி நின்றுவிடும், எண்ணை எழுதிவிட்டு அடுத்ததற்குப் போகலாம். களிப்பாறையில் சந்துகள் நானோமீட்டர் கணக்கு. ஹீலியம்கூட வரிசையில் நின்று நுழைகிறது. நொறுக்கிப் பொடித்து அளப்பது ஒரு வழி. ஆனால் எவ்வளவு பொடிப்பது என்பதில் ஆய்வகத்துக்கு ஆய்வகம் ஒரு பழக்கம், ஒரே பாறைக்கு வேறு வேறு எண். பொடிக்காமல் ஒரு துண்டை வைத்துப் பார்ப்போமே என்று நேற்று காலை பத்து மணிக்கு வால்வைத் திறந்தேன். மதியம் பார்த்தபோது இரண்டாம் தசமம் இறங்கிக்கொண்டிருந்தது. சாயங்காலம் விளக்கை அணைக்கும் முன் மறுபடி எட்டிப் பார்த்தேன். மூன்றாம் தசமம் இன்னும் நிற்கவில்லை.